கடலை ஆராயும் கருவிகள்: ஒரு வாளித் தண்ணீரில் பிள்ளைகளோடு செய்து பார்க்கக்கூடியவை

"ஐந்து வயதுப் பையன், ஒன்பது வயதுப் பெண். இருவருக்கும் கடல் என்றால் உயிர். அட்டையில் நீர்மூழ்கிக் கப்பல் வெட்டி ஒட்டினோம், முக்குளிப்பவர் படத்துக்கு வண்ணம் தீட்டினோம். அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. கடலை ஆராயும் கருவிகளைப் பற்றி வீட்டிலேயே செய்து கற்றுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலுத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. ஒட்டி முடித்த அட்டை நீர்மூழ்கி அதற்குமேல் எதுவும் செய்யாது, அலமாரியில் தூசி சேர்க்கும், அவ்வளவுதான். கடலில் சில கஷ்டங்கள் இருக்கின்றன. உள்ளே கண் தெரியாது. தண்ணீர் நசுக்கும். இறங்குவது சுலபம், ஏறி வருவது கடினம். ஒவ்வொரு கருவியும் இப்படி ஏதாவது ஒரு கஷ்டத்துக்காகப் பிறந்ததுதான். அந்தக் கஷ்டத்தைப் பிள்ளைகள் முதலில் பட்டுப் பார்க்கட்டும், கருவியின் பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அக்கா பிள்ளைகளோடு பல விடுமுறைகளில் செய்து பார்த்ததில் தேறியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது ஷூ பெட்டி விளையாட்டு. இதற்குத் தண்ணீரே வேண்டாம். ஒரு ஷூ பெட்டிக்குள் பிள்ளைகள் பார்க்காத நேரத்தில் நீங்கள் ஒரு கடலடியைச் செய்துவையுங்கள். ஒரு பக்கம் களிமண்ணில் சரிவு, நடுவில் குத்தென்று ஒரு மலை, இன்னொரு மூலையில் ஒரு பள்ளம். மூடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு மூடிவிடுங்கள். நீளமான குச்சி ஒன்றில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டுக் கையில் கொடுங்கள். உள்ளே பார்க்கக் கூடாது, குச்சியை விட்டு ஆழம் பார்க்கலாம் என்பதுதான் விதி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே எல்லாத் துளைகளையும் தராதீர்கள். ஆறே ஆறு துளைகள் என்று சொல்லுங்கள். கிடைத்த ஆறு எண்களை வைத்துக் கட்டம்போட்ட தாளில் கடலடியை வரையச் சொல்லுங்கள். நிச்சயம் வழவழவென்று ஒரு தட்டையான தரையை வரைவார்கள், ஏனென்றால் மலை இரண்டு துளைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். பிறகு மிச்சத் துளைகளையும் திறந்துவிடுங்கள். ஆழம் குறைந்த கட்டத்துக்கு வெளிர்நீலம், ஆழமான கட்டத்துக்கு அடர்நீலம் என்று வண்ணம் போடும்போது, மலை தானாகத் தாளில் எழுந்து வரும். பெட்டியைத் திறக்கும் நேரத்தில் என் அக்கா மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐந்து வயதுக்காரன் குச்சியை விட்டு எண்ணைப் படிப்பான், ஒன்பது வயதுக்காரி எழுதுவாள். ஆளுக்கொரு வேலை இருப்பதால் சண்டையும் குறையும்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நாம் சொல்வதைத்தான் மாலுமிகள் நூற்றாண்டுகளாகக் கயிற்றாலும் ஈயக்குண்டாலும் செய்துவந்தார்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல், 492 இடங்களில் இப்படி ஆழ்கடலின் ஆழம் பார்த்தது. பூமி முழுவதன் கடலுக்கும் 492 துளைகள்! உங்கள் பெண்ணிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், ஆறு துளைப் படம் உடனே நினைவுக்கு வரும். அதில் ஒன்று 1875 மார்ச்சில் பசிபிக் கடலின் மேற்குப் பகுதியில் பார்த்தது. கயிறு 4,475 பாகம் இறங்கியது, அதாவது 8,184 மீட்டர். இன்று அந்தப் பள்ளத்துக்கு மரியானா அகழி என்று பெயர்.

பாகம் என்பது இரு கைகளையும் விரித்தால் வரும் அளவு. நீளக் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, மாடிப்படியின் மேலிருந்து கீழே இறக்கச் சொல்லுங்கள். கல் தரையைத் தொட்டதும் கயிற்றை இழுத்து, கைகளை விரித்து விரித்து அளக்கட்டும். தம்பிக்கு ஐந்து பாகம் வரும், அக்காவுக்கு நாலு வரும். "யாருடையது சரி?" என்று வாக்குவாதம் தொடங்கும். அளவு என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அதனால்தான் கடலோடிகள் ஒரு பாகத்தை ஆறடி என்று நிர்ணயித்துக்கொண்டார்கள் என்று அப்போது சொன்னால் நன்றாக ஏறும். கீழே யாரும் நிற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு போய் ஒலி வந்தது. சோனார் என்ற கருவியின் தத்துவம் எதிரொலிதான். கப்பலிலிருந்து ஓர் ஒலியை அனுப்பி, அது கடலடியில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. கடல்நீரில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். இதை விளையாடுவது சுலபம். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு "கப்பலாக" நிற்க வேண்டும். இன்னொருவர் "ஒலி". கைதட்டலுக்கு ஓர் அடி வீதம் சுவர்வரை போய், சுவரைத் தொட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து கப்பலைத் தொட வேண்டும். கப்பல் கைதட்டல்களை எண்ணிச் சுவர் எத்தனை அடி தூரம் என்று சொல்ல வேண்டும். இருபது தட்டல் என்றால் இருபது அடி என்றுதான் முதல் முறை எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். போனதும் வந்ததும் சேர்ந்த கணக்கு, பாதியாக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள், அளந்து பார்த்து அவர்களே பிடிப்பார்கள். அப்புறம் பெரியவளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். எதிரொலி நாலு நொடியில் திரும்பினால் ஆழம் எவ்வளவு? 3,000 மீட்டர்.

இன்றைய கப்பல்கள் ஒரே ஒலிக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை விசிறிபோல விரித்து அனுப்புகின்றன. ஒரு குச்சிக்குப் பதில் ஒரு சீப்பையே பெட்டிக்குள் இறக்குவதுபோல. அப்படியும் உலகக் கடலடியில் ஏறக்குறைய கால்பங்குதான் இந்த முறையில் நுட்பமாக அளக்கப்பட்டிருக்கிறது.

உங்களுக்குப் பெண் பிள்ளை இருப்பதால் மேரி தார்ப் கதையையும் இந்தப் பெட்டியோடு சேர்த்துச் சொல்லுங்கள். 1950களில் அமெரிக்காவில் ஆய்வுக் கப்பல்களில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். அவர் கரையில் மேசைமுன் உட்கார்ந்து, கப்பல்கள் கொண்டுவந்த ஆழக் கணக்குகளை வைத்தே கடலடியை வரைந்தார். அட்லாண்டிக் கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீளமாக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டார். கூட வேலைபார்த்தவர் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பள்ளத்தாக்கு உண்மையிலேயே அங்கே இருந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்பதற்கு அது முக்கியமான சான்றுகளில் ஒன்றானது.

இனி தண்ணீருக்கு வருவோம். அழுத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, தொட்டுத்தான் உணர வேண்டும். மெல்லிய பாலித்தீன் பையைக் கையுறைபோல மாட்டிக்கொண்டு, பைக்குள் தண்ணீர் புகாமல் கையை மெதுவாக வாளிக்குள் விடச் சொல்லுங்கள். பை எல்லாப் பக்கமும் விரல்களை அப்பிக்கொள்ளும். "தண்ணீர் என் கையைப் பிடிக்குது" என்று சின்னவன் கத்துவான். பாடம் அதுதான். தண்ணீர் மேலிருந்து மட்டுமல்ல, எல்லாத் திசையிலிருந்தும் அழுத்துகிறது.

அடுத்தது மூன்று துளைப் பாட்டில். பாட்டிலின் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துளைகள் போட்டுத் தண்ணீர் நிரப்பினால், அடித்துளையிலிருந்து நீர் அதிக வேகமாகப் பாயும். இதைப் பலரும் செய்து காட்டுவார்கள், பாதிப் பேருக்குச் சொதப்பும். பாட்டிலைத் தட்டிலேயே வைத்துச் செய்தால் நடுத்துளையின் நீர்தான் தூரமாக விழும், அடித்துளை நீர் விழுவதற்கு உயரமே இல்லாமல் உடனே தரையைத் தொட்டுவிடும். பிள்ளை கண்ணால் காண்பது ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று என்றாகிவிடும். பாட்டிலை ஒரு ஸ்டூலின் ஓரத்தில் உயர்த்தி வைத்து, கீழே தரையில் அகலமான தொட்டியை வையுங்கள். அப்போது அடித்துளை நீர் முந்திக்கொண்டு போவது தெளிவாகத் தெரியும்.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மரியானா அகழியின் அடியில், கட்டைவிரல் நகம் அளவு இடத்தின்மேல் ஒரு டன்னுக்கும் அதிகமான பாரம். அங்கே போகும் ஆளை எதற்குள் வைப்பது? ஒரு வெற்றுத் தீப்பெட்டியையும் ஒரு பிங்பாங் பந்தையும் கொடுத்து, எல்லாப் பக்கமும் சமமாக விரல்களால் அமுக்கச் சொல்லுங்கள். பெட்டி மூலையில் மடங்கும், பந்து தாங்கும். உருண்டைக்குப் பலவீனமான பக்கம் என்று ஒன்று இல்லை. 1934இல் வில்லியம் பீபும் ஓட்டிஸ் பார்ட்டனும் பெர்முடாவுக்கு அருகே 923 மீட்டர் இறங்கியது, கப்பலிலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்ட ஓர் எஃகு உருண்டைக்குள் முடங்கி உட்கார்ந்துதான். ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, ஒரு சின்ன ஓட்டை வழியாக மட்டும் வெளியே பார்த்துத் தெரிவதைச் சொல்ல வேண்டும் என்று போட்டி வையுங்கள். உள்ளே டார்ச்சும் குறிப்பேடும் அனுமதி. எங்கள் வீட்டில் ஆறாவது நிமிடத்தில் கலவரம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பாட்டில் முக்குளிப்பான். ஒரு பேனா மூடி, கொஞ்சம் களிமண், மூடியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில், இவ்வளவு போதும். பேனா மூடியின் உச்சியில் பெரும்பாலும் ஒரு சின்னத் துளை இருக்கும், விழுங்கிவிட்டாலும் மூச்சு அடைக்காமலிருக்க வைத்தது. அதைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மூடியின் கிளிப் நுனியில் ஓர் உருண்டை களிமண்ணை ஒட்டுங்கள். வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளே காற்று சிக்கி, தலையின் நுனி மட்டும் நீருக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அதிகம் மிதந்தால் மிளகளவு களிமண் கூட்டுங்கள், மூழ்கினால் கிள்ளி எடுங்கள். இந்தக் கூட்டிக் குறைத்தலுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டு நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள், கற்றுக்கொள்வது முழுக்க இந்த இடத்தில்தான். சரியானதும், விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் அதை விட்டு இறுக்கி மூடுங்கள். பாட்டிலை அமுக்கினால் முக்குளிப்பான் இறங்கும், விட்டால் ஏறும்.

ஏன் என்று சொல்லாமல், "மூடிக்குள் இருக்கிற காற்றையே பார்த்துக்கொண்டிரு" என்று மட்டும் சொல்லுங்கள். அமுக்கும்போது காற்றுக்குமிழ் சுருங்கித் தண்ணீர் உள்ளே ஏறுவது தெரியும். தண்ணீர் ஏறினால் கனம் கூடுகிறது, கனம் கூடினால் இறங்குகிறது. சில சமயம் கையை விட்டபிறகும் அது அடியிலேயே கிடக்கும். கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துவிடாதீர்கள். அடியில் தண்ணீரின் அழுத்தம் கூடுதல், அதனால் குமிழ் பழைய அளவுக்கு விரிய முடியவில்லை. காற்றை நம்பி ஆழத்துக்குப் போனால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்பது ஒரு பேனா மூடியிலேயே தெரிகிறது.

இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழிகள் சுவாரசியமானவை. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார், டான் வால்ஷ் என்ற இருவர் டிரியெஸ்ட் என்ற ஊர்தியில் மரியானா அகழியின் அடிக்குப் போனார்கள், ஏறக்குறைய 10,900 மீட்டர். அதன் மிதவைத் தொட்டியில் காற்று கிடையாது, சுமார் 85,000 லிட்டர் பெட்ரோல்! பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, ஆனால் காற்றைப்போல நசுங்காது. இறங்குவதற்குக் கனமாக இரும்புக் குண்டுமணிகள் டன் கணக்கில். ஏறி வர, அந்த மணிகளைக் கொட்டிவிட வேண்டும். மணிகளைப் பிடித்து வைத்திருந்தது மின்காந்தம். மின்சாரம் நின்றுபோனால் மணிகள் தானாகக் கொட்டி, ஊர்தி தானாக மேலே வந்துவிடும். சின்னவனிடம் ஒரு காந்தத்தையும் சில ஆணிகளையும் கொடுத்து இதை விளக்குங்கள். இறங்கும்போது வழியில் ஒரு ஜன்னல் கண்ணாடி சத்தத்தோடு விரிசல் விட்டது, அப்படியும் அவர்கள் திரும்பவில்லை என்ற தகவலை இரவு படுக்கும்முன் சொல்லாதீர்கள்.

முக்குளிப்பானின் நேரடி வாரிசு ஆர்கோ மிதவை. ஏறக்குறைய ஆள் உயரத்தில் ஓர் உருளை. உலகக் கடல்களில் இப்போது சுமார் 4,000 மிதவைகள் ஆளில்லாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. வயிற்றிலிருக்கும் எண்ணெயை வெளியே ஒரு ரப்பர்ப் பைக்குள் தள்ளினால் உடல் பருத்து மேலே வரும், உள்ளே இழுத்துக்கொண்டால் இறங்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள்போல மிதந்து, 2,000 மீட்டருக்கு இறங்கி, ஏறி வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். பத்து நாளுக்கு ஒரு சுற்று. உங்கள் வீட்டு முக்குளிப்பானுக்கு ஒரு பெயர் வைத்து, பத்து நாளும் காலையில் ஒருமுறை இறக்கி ஏற்றி, அன்றைய தண்ணீரின் வெப்பநிலையை எழுதிவைத்தால் பெரியவளுக்கு ஒரு குறிப்பேடே தயாராகிவிடும்.

தண்ணீரை அள்ளும் கருவி அடுத்தது. உயரமான கண்ணாடி ஜாடியில் பாதிவரை நீலச் சாயம் கலந்த கனத்த உப்புநீர். அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகில் படும்படி மெதுவாகச் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். "மேலே இருப்பதைத் தொந்தரவு செய்யாமல் அடியில் இருக்கும் நீலத்தை மட்டும் எனக்கு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். கரண்டி, உறிஞ்சுகுழல் என்று என்னென்னவோ முயற்சி செய்வார்கள். கடைசியில் ஒரு சின்ன மருந்து பாட்டிலைக் கொடுங்கள். அடியில் கனம் கட்டி, கழுத்தில் ஒரு நூல், தக்கையில் இன்னொரு நூல். மூடியபடி இறக்கி, அடிக்குப் போனதும் தக்கை நூலைச் சுண்ட வேண்டும். கடலில் இது எடுபடாது, ஏன் என்று கேளுங்கள். பந்தையும் தீப்பெட்டியையும் அமுக்கிய பிள்ளை சொல்லிவிடும், காற்றோடு போகும் பாட்டில் நசுங்கிவிடும். அதனால் நிஸ்கின் பாட்டில் என்ற நிஜக் கருவி இரண்டு பக்கமும் திறந்தபடியே இறங்கும். வேண்டிய ஆழத்தில் நின்றதும், மேலிருந்து கம்பிவடத்தில் வழுக்கிக்கொண்டு வரும் ஓர் எடை அதைத் தட்ட, இரண்டு வாயும் பட்டென்று மூடிக்கொள்ளும். அந்த எடைக்குக் கடலாய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் தூதன். நூலில் ஒரு மணியைக் கோத்து வழுக்கவிட்டால் சின்னவனுக்குத் தூதன் வேலை கிடைத்துவிடும்.

செக்கித் தட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், கடல் எவ்வளவு தெளிவு என்று அளக்க வெள்ளைத் தட்டுகளை நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று பார்த்தார். வெள்ளை பிளாஸ்டிக் மூடியில் மூன்று துளை போட்டு மூன்று நூலால் தொங்கவிடுங்கள், ஒரே நூல் என்றால் சாய்ந்துகொள்ளும். அடியில் ஒரு கல்லையும் ஒட்டினால்தான் மூழ்கும். வாளித் தண்ணீரில் பாலைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒவ்வொரு முறையும் நூலில் சம இடைவெளியில் போட்டுவைத்த முடிச்சுகளில் எதுவரை இறங்கியதும் தட்டு மறைகிறது என்று பார்க்கட்டும்.

மழை நாளுக்கு ஒரு விளையாட்டு. ஒருவருக்குக் கண்ணைக் கட்டி, கையில் நீண்ட இடுக்கி. அவர்தான் கடலடியில் இருக்கும் இயந்திரம். மற்றவர் காகிதக் குழல் வழியாக மட்டும் பார்த்து, "இடது, வலது, கீழே, பிடி" என்று கட்டளையிட்டுத் தட்டிலிருக்கும் சிப்பிகளை எடுக்க வைக்க வேண்டும். ரேடியோ அலை கடல்நீருக்குள் தூரம் போகாது. அதனால் இப்படிப்பட்ட இயந்திரங்களுக்குக் கப்பலோடு கேபிள் தொடர்பு வேண்டும். அடுத்த சுற்றில் கேபிளை அறுத்துவிடுங்கள். கட்டளைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதிவிட வேண்டும், மூன்றாவது ஆள் அதை அப்படியே வரிசையாகப் படிப்பார், நடுவில் திருத்தம் கிடையாது. தானியங்கி நீர்மூழ்கிகளின் கதி அதுதான். முதல் முயற்சியில் இடுக்கி காற்றைத்தான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். வாளி நிறைந்திருக்கும்போது போன் வந்தாலும் எழுந்து போகாதீர்கள், முடிந்ததும் உடனே கவிழ்த்துவிடுங்கள். கடல்போலத் தெரியட்டும் என்று சிலர் தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகளைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இத்தனையையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டியதில்லை. பெட்டியும் முக்குளிப்பானும் மட்டுமே ஒரு மாதம் ஓடும். நடுவில் ஆர்வம் தளர்ந்தால் ஆல்வின் கதையை எடுத்துவிடுங்கள். ஆல்வின் என்பது அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கி. 1968இல் அதைக் கடலில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்து, உள்ளே இருந்த மூவரும் அவசரமாகத் தப்பி வெளியேற, அது 1,500 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பத்து மாதத்துக்குப் பிறகு மேலே தூக்கியபோது, அவர்கள் விட்டுவந்த மதிய உணவு உள்ளேயே இருந்தது. சாண்ட்விச் ஊறிப்போயிருந்தாலும் அழுகவில்லை, தின்னக்கூடிய நிலையில்தான் இருந்தது. எப்படி என்று உங்கள் பெண் கேட்பாள். ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது பதில். உடனே தன் சாப்பாட்டு டப்பாவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுப் பார்க்கத் தம்பி கிளம்புவான், அதற்கும் தயாராக இருங்கள்.